மேசைக்கணினிச் செயலியும் வழங்கிச் செயலியும்: தமிழ்த் தரவகப் பணிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த்துறைகள் சுவடி மின்னுருவாக்கம், தரவக உருவாக்கம் ஆகிய பணிகளுக்குக் கணினி வாங்கும்போது மேசைக்கணினிச் செயலியைத் தேர்வதா, வழங்கிச் செயலியைத் தேர்வதா என்னும் வினா எழுகின்றது. இவ்விரண்டின் வேறுபாடு கணிக்கும் ஆற்றலைவிட, அவ்வாற்றலைச் சூழ்ந்த அமைப்பிலேயே மிகுதியும் உள்ளது. அவ்வமைப்பில் தமிழ்ப் பனுவலுக்கு முதன்மையானது பிழைதிருத்தும் நினைவகம் என்பதை ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் பெற்றுள்ள எண்வரிசையின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: செயலி, வழங்கி, பிழைதிருத்தும் நினைவகம், ஒருங்குறி, தரவகம், பாடவேறுபாடு.

முன்னுரை

ஆய்வுத்திட்ட நிதியில் கணினி வாங்கும் வாய்ப்பு ஒரு துறைக்கு அடிக்கடி வருவதன்று. அவ்வாய்ப்பு வரும்போது, ‘வழங்கி’ என்னும் பெயரே உயர்தரத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவதும், விலையைக் கண்டு அஞ்சிச் சாதாரண மேசைக்கணினியோடு நின்றுவிடுவதும் உண்டு. இரண்டு முடிவுகளும் செய்யவிருக்கும் பணியை நோக்காமல் எடுக்கப்படுபவை. எப்பணிக்கு எது தேவை என்பதை அறிவதற்கு, இவ்விரு வகைச் செயலிகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரே சில்லு, இரு பெயர்

இன்டெல் நிறுவனம் 1998இல் பென்டியம் II சியான் என்னும் செயலியை வெளியிட்டதிலிருந்து, வழங்கிகளுக்கும் உயர்பணிக் கணினிகளுக்கும் உரிய அதன் செயலிகள் ‘சியான்’ என்னும் தனிப்பெயரால் விற்கப்பட்டு வருகின்றன. பெயர் வேறாயினும் உள்ளீடு முற்றிலும் வேறு என்று கொள்ளுதல் பொருந்தாது. 2017இல் ஏ.எம்.டி. நிறுவனம் மேசைக்கணினிக்கு ‘ரைசன்’ என்றும் வழங்கிக்கு ‘எபிக்’ என்றும் இரு வரிசைகளை வெளியிட்டது. எட்டுக் கோர்கள் கொண்ட ஒரே வடிவமைப்புச் சில்லு ரைசனில் ஒன்றாகவும், எபிக்கில் நான்காகவும் வைக்கப்பட்டிருந்தது. கோர் என்பது கட்டளைகளைத் தனித்து நிறைவேற்றவல்ல கணிப்பகுதி. ஆகவே, ஒரு கோர் என்ற அளவில் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு இல்லை.

பிற்காலச் செயலிகளிலும் இதே நிலையைக் காணலாம். 2022இல் வெளிவந்த ரைசன் 9 7950எக்ஸ் செயலியில் 16 கோர்கள் உள்ளன. அதன் உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டில் அதே தலைமுறைக் கோர்களைக் கொண்டு வெளிவந்த எபிக் 9654 செயலியில் 96 கோர்கள் உள்ளன. உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். முன்னதற்கு நினைவகத் தடங்கள் இரண்டு, பின்னதற்குப் பன்னிரண்டு. முன்னதற்குக் குறிக்கப்பட்ட மின்திறன் 170 வாட். பின்னதற்கு 360 வாட். ஒரே ஒரு பணியை ஒரே ஒரு கோரில் இயக்கினால், விலை குறைந்த மேசைக்கணினியே அதை விரைவாக முடிக்கும். வழங்கிச் செயலியின் மேன்மை, பல பணிகளை ஒரே நேரத்தில் தளர்வின்றி நடத்துவதில் இருக்கின்றது.

2024இல் வெளிவந்த எபிக் 4004 வரிசை, ரைசன் செயலிகள் பொருத்தப்படும் அதே பொருத்துவாயில் அமர்வது. ‘எபிக்’ என்னும் பெயரைத் தாங்கியிருப்பினும் அது மேசைக்கணினிக் குடும்பத்தைச் சார்ந்ததே. கொள்முதல் விண்ணப்பத்தில் ‘வழங்கிச் செயலி’ என்று மட்டும் எழுதினால், எதை வேண்டி எழுதினோமோ அது வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை.

பணியின் தன்மை

ஒரு பணியில் பகுக்க இயலாத பகுதி எவ்வளவு உள்ளதோ, அதுவே கோர்களைப் பெருக்குவதால் கிட்டும் பயனுக்கு எல்லையாகும் என்பது ஜீன் அம்தால் 1967இல் முன்வைத்த கருத்து. பணியின் கால்பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியதாயின், கோர்கள் நூறாயினும் வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது.

தமிழாய்வில் கணினிக்குத் தரப்படும் பணிகள் இவ்வகையில் பெரிதும் வேறுபடுகின்றன. சங்க இலக்கியப் பாடல்கள் 2381உம் ஒருங்குறியில் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்குவன. மேற்குறித்த ரைசன் செயலியின் உள்ளேயே 64 மெகாபைட் இடைநினைவகம் இருப்பதால், அவ்விலக்கியம் முழுவதும் செயலிக்குள்ளேயே தங்கிவிடக்கூடியது. சொல்லடைவு, தொடரடைவு, யாப்புப் பகுப்பு போன்றவற்றிற்கு வழங்கி வாங்குதல் தேவையற்றது. ஐந்தாண்டுப் பழைய மடிக்கணினியே போதும். ஆய்வாளர் எழுதும் சிறு நிரல்கள் பெரும்பாலும் ஒரு கோரையே பயன்படுத்துவன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எழுத்துணரியால் பக்கப்படங்களைப் பனுவலாக்கும் பணி இதற்கு மாறானது. 300 புள்ளியடர்த்தியில் வண்ணத்தில் வருடிய ஏ4 அளவுப் பக்கம் ஒன்று, சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட். ஒரு பக்கத்தை உணர்வதற்கு மற்றொரு பக்கம் தேவையில்லை; ஆதலால் ஒவ்வொரு கோருக்கும் ஒரு பக்கம் எனப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு பக்கத்திற்கு ஒரு கோர் 10 நொடி எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோமாயின், 50,000 பக்கங்களுக்கு ஒற்றைக் கோர் ஏறத்தாழ ஆறு நாள் உழைக்கவேண்டும். 16 கோர்கள் அதை ஒன்பது மணி நேரத்திற்குள் முடிக்கும்; 96 கோர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும். மாலையில் தொடங்கிய பணி காலையில் முடிந்திருந்தால் துறைக்குப் போதும் எனின், 16 கோர்களும் 96 கோர்களும் அத்துறைக்கு ஒன்றே. எழுத்துணர்தல் முடிந்தபின் ஆண்டு முழுவதும் அக்கணினி என்ன செய்யும் என்னும் கேள்வியும் உண்டு.

வழங்கிச் செயலி உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் இரண்டு. தரவகத்தை இணையவழிப் பலர் ஒரே நேரத்தில் தேடும்படி இரவும் பகலும் திறந்துவைத்தல் ஒன்று. மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க வரைகலைச் செயலிகள் பலவற்றை ஒரே கணினியில் பொருத்துதல் மற்றொன்று. பின்னதற்குச் செயலியிலிருந்து புறப்படும் இணைப்புத் தடங்களின் எண்ணிக்கையே காரணம்: எபிக் 9654 செயலியில் அவை 128, ரைசன் 9 7950எக்ஸ் செயலியில் 28.

மின்சாரம், ஓசை ஆகியனவும் எண்ணத்தக்கன. 360 வாட் செயலி முழுச்சுமையில் ஒருநாள் இயங்கினால், அதற்கு மட்டுமே எட்டரை அலகுக்குமேல் மின்சாரம் செலவாகும். அடுக்குச் சட்டத்தில் பொருத்தப்படும் மெல்லிய வழங்கிகளின் விசிறிகள் எழுப்பும் ஓசை, ஆய்வாளர் அமர்ந்து படிக்கும் அறைக்கு ஒவ்வாதது. தனியறையும் குளிரூட்டலும் இல்லாத துறை, வழங்கியின் விலையோடு அவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

ஒரு பிட் புரளும்போது

இதுவரை கூறியவை பொதுவானவை. தமிழ்ப் பனுவலுக்கே உரிய சிக்கல் நினைவகத்தில் உள்ளது. நினைவகத்தில் 0 என்றோ 1 என்றோ பதிந்திருக்கும் ஒரு பிட், கதிர்வீச்சாலோ உறுப்பின் தேய்வாலோ தானாகப் புரளக்கூடும். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் மிகையாகப் பதிவாயின. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட்டின் புரள்வாலேயே அம்மிகை நேர்ந்திருக்கவேண்டும் என விளக்கப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் கணினிகளைக் கொண்டு 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நினைவகப் பலகைகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஓராண்டில் பிழைக்கு உள்ளானதைக் காட்டியது. அப்பிழைகளை எண்ண முடிந்தமைக்குக் காரணம், அக்கணினிகளில் பிழைதிருத்தும் நினைவகம் இருந்தமையே.

பெல்ஜியத்தில் பிழை வெளிப்பட்டதற்குக் காரணம், விழக்கூடிய வாக்கினும் விழுந்த வாக்கு மிகுந்திருந்தது. பனுவலில் அவ்வாறு கூட்டிச் சரிபார்க்கும் தொகை ஏதுமில்லை.

ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ரகரத்திற்கு 2992, றகரத்திற்கு 2993. லகரத்திற்கு 2994, ளகரத்திற்கு 2995. ழகரத்திற்கு 2996, வகரத்திற்கு 2997. ஓர் இரட்டைப்படை எண்ணும் அதனை அடுத்த ஒற்றைப்படை எண்ணும் இரும எண்முறையில் கடைசிப் பிட்டில் மட்டுமே வேறுபடுவன. எனவே ஒரு பிட் புரண்டால் ரகரம் றகரமாகும், லகரம் ளகரமாகும், ழகரம் வகரமாகும். ‘மரம்’ என்பது ‘மறம்’ ஆகலாம். ‘வலி’ ‘வளி’ ஆகலாம். ‘இழை’ ‘இவை’ ஆகலாம். இவை அனைத்தும் பொருளுடைய சொற்களாதலின் சொற்பிழை திருத்தி இவற்றைச் சுட்டாது. பின்னர் அப்பனுவலைப் பிற பதிப்புகளோடு ஒப்பிடுவோர்க்கு இது எந்திரப் பிழையாகத் தோன்றாமல் பாடவேறுபாடாகவே தோன்றும்.

எகர ஏகாரங்களும் (2958, 2959) ஒகர ஓகாரங்களும் (2962, 2963), அவற்றின் உயிர்மெய்க் குறிகளும் இவ்வாறே அடுத்தடுத்த இணைகளாக அமைந்துள்ளன. சுவடிகளில் குறில் நெடில் வேறுபாடின்றி எழுதப்பட்டுப் பதிப்பாசிரியர்களை இடர்ப்படுத்திய அதே இணைகள், ஒருங்குறியிலும் ஒரு பிட் தொலைவில் நிற்கின்றன. உகர ஊகாரக் குறிகள் (3009, 3010) அத்தகையன அல்ல. ஒன்று மற்றொன்றாக இரண்டு பிட்டுகள் புரளவேண்டும். நகர னகரங்கள் (2984, 2985) ஒரு பிட் தொலைவினவாயினும், அவை சொல்லில் வருமிடம் பெரும்பாலும் வேறுவேறாதலால் பிழை எளிதில் புலப்படும்.

இவ்வச்சத்தை மிகைப்படுத்துதலும் கூடாது. பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க்குறி மூன்று பைட்டுகளில், அதாவது 24 பிட்டுகளில் சேமிக்கப்படுகின்றது. அவற்றுள் பெரும்பாலானவை புரண்டால் வேற்றுமொழி எழுத்தோ பொருளற்ற குறியோ தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துணரி செய்யும் பிழைகளும் தட்டச்சுப் பிழைகளும் எண்ணிக்கையில் இதனைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும், அப்பிழைகள் மெய்ப்புத் திருத்தத்தில் களையப்படுகின்றன. திருத்தி முடித்த பனுவலை மீண்டும் மீண்டும் படியெடுக்கும்போதும் வடிவம் மாற்றும்போதும் நேரும் பிழையைத் தேடுவார் இல்லை.

பிழைதிருத்தும் நினைவகத்தைத் தேர்தல்

பிழைதிருத்தும் நினைவகம், இ.சி.சி. என்னும் பெயரால் விற்கப்படுவது, 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பைச் சேர்த்து வைக்கும் முறையைப் பின்பற்றுவது. ஒரு பிட் புரண்டால் அது தானே திருத்தும். இரண்டு புரண்டால் பிழை நேர்ந்ததை அறிவிக்கும். வழங்கிச் செயலிகளில் இது இயல்பான அமைப்பு. இதற்காகவே வழங்கி வாங்கவேண்டும் என்பதில்லை. இன்டெல் கோர் செயலிகளுள் 12ஆம் தலைமுறை முதல் பல, டபிள்யூ680 சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகையில் இதனை ஏற்பன. ரைசன் செயலிகள் பலவற்றிலும் தாய்ப்பலகை ஆதரித்தால் இது இயங்கும். செயலி, தாய்ப்பலகை, நினைவகப் பலகை ஆகிய மூன்றும் ஒருங்கே இசையவேண்டும் என்பதால், கொள்முதல் விண்ணப்பத்தில் மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுதல் வேண்டும்.

டி.டி.ஆர்.5 நினைவகங்கள் அனைத்திலும் பிழைதிருத்தம் உள்ளது என விற்பனையாளர் கூறுவதுண்டு. அது நினைவகச் சில்லின் உள்ளே நேரும் பிழையை மட்டுமே திருத்துவது. சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில் நேர்வதைக் காக்காது, நேர்ந்த பிழையை இயங்குதளத்திற்கு அறிவிப்பதும் இல்லை. எனவே அதனை முழுமையான இ.சி.சி. நினைவகத்திற்கு நிகராகக் கொள்ளலாகாது.

கோப்பின் முழுமையைக் காக்க ஹாஷ் எண்ணைக் கணித்து வைக்கும் வழக்கம் எண்மிய நூலகங்களில் உண்டு. அவ்வெண் கணிக்கப்பட்ட பின்னர் வட்டில் நேரும் மாற்றத்தை அது காட்டும். கணிப்பதற்கு முன்பே நினைவகத்தில் றகரமாகிவிட்ட ரகரத்தை, அது றகரமாகவே சரியென உறுதிசெய்யும். மூலப் படங்களைப் பனுவலோடு சேர்த்துப் பாதுகாக்கும் துறை, ஐயம் எழும்போது அப்படத்திற்குத் திரும்பலாம். படங்களை நீக்கிவிட்டுப் பனுவலை மட்டும் வைத்திருக்கும் துறைக்கு அவ்வழி இல்லை.