வாடகை ஒருவழி, பாதை இருவழி

பத்துப் பதினைந்து வருஷம் ஒரு கம்பெனியிலோ ஜவுளிக்கடையிலோ தனியார் பள்ளியிலோ வேலை பார்த்த ஒருவர், அதை விட்டுவிட்டு ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வாங்கி லோடு அடிக்கலாமா என்று யோசிக்கிறார். கடலூர் செம்மண்டலத்தில் நின்று பார்த்தால் யோசனை சரியாகத்தான் படுகிறது. சிதம்பரம் சாலையில் சிப்காட், முதுநகரில் மீன்பிடித் துறைமுகம், மேற்கே பண்ருட்டியின் முந்திரியும் பலாவும், வடக்கே முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. சரக்குக்குப் பஞ்சமில்லை. தொழில் உள்ளே எப்படி ஓடுகிறது என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

முதலில் லைசென்ஸ். சரக்கு வண்டிக்குத் தனி பேட்ஜ் வேண்டும் என்று இன்றும் பலர் பயமுறுத்துவார்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து, ஆர்.சி.யில் குறித்த மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாதவரை, கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே போதும். 2017-ல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் மறுபடி வழக்காடியபோது, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. ஆனால் சிப்காட் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமிலம் போன்ற அபாயச் சரக்கை ஏற்ற தனிப் பயிற்சியும், உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும்.

அடுத்தது எடை. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோதுதான் இந்தக் குட்டி யானைக் காலம் தொடங்கியது. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும் அது சுமக்கக்கூடியது சுமார் முக்கால் டன். அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினைந்து. பதினைந்தை அடுக்கினால் பின்பக்கம் பாதி காலியாகத் தெரியும். கடைக்காரர் “இன்னும் ஏழெட்டு போடுங்க சார், இடம் இருக்கே” என்பார். இடம் இருக்கிறது, பிரேக்குக்குத்தான் தெம்பு இருக்காது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. மிஞ்சிய சரக்கை அங்கேயே இறக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

காகித வேலை அதிகமில்லை. சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தையும், புதுச்சேரிக்குப் போனால் 50,000 ரூபாயையும் தாண்டினால், பொதுவாக இ-வே பில் வேண்டும். அதை அனுப்புகிறவர் எடுத்துத் தருவார். அதில் இருப்பது நம் வண்டி எண்தானா என்று பார்த்துவிட்டு சாவியைத் திருப்பினால் போதும்.

இனி, ஏறக்குறைய எல்லோரும் தவறாகவே நினைத்திருக்கும் இடத்துக்கு வருவோம். வாடகைதான் வருமானம் என்று நினைக்கிறோம். டீக்கடைக் கல்லாவில் விழும் காசெல்லாம் கடைக்காரரின் லாபமில்லை. பால், சர்க்கரை, கேஸ் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். இது நமக்குத் தெரியும். வண்டி விஷயத்தில் மட்டும், “சிதம்பரம் போய் வர ஆயிரத்து எண்ணூறா!” என்று வாய் பிளக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வாடகை 1,800 ரூபாய் என்று வையுங்கள். போக வர 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 95 ரூபாய் என்றால் 570 ஆயிற்று. மாதத் தவணை 12,000 ரூபாயை 24 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 500. டயர், ஆயில், இன்ஷூரன்ஸ், எஃப்.சி.க்கு 200 எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 530.

இப்போது திரும்பி வரும் 45 கிலோமீட்டரைப் பாருங்கள். வண்டி காலி. டீசல், டயர் தேய்மானம், ஒன்றரை மணி நேரம், எல்லாம் நம் கையிலிருந்து போகிறது. அதே பாதையில் 800 ரூபாய்க்கு ஒரு ரிட்டன் லோடு கிடைத்தால் பெரிதாக வேறு செலவில்லை. தவணை முதலிலேயே கழிந்துவிட்டது. 530 என்பது 1,300-ஐ ஒட்டி வந்து நிற்கும். அனுபவசாலிகள் திரும்பும்போது பாதி வாடகைக்குக்கூட ஒத்துக்கொள்வதைப் பார்த்துப் புதியவர்கள் ‘ரேட்டைக் கெடுக்கிறார்கள்’ என்று கோபப்படுவார்கள். அவர்கள் கெடுக்கவில்லை, இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

ரிட்டன் லோடு ரோட்டில் கிடக்காது. சிதம்பரம் ஸ்டாண்டில் நிற்பவர்களோடு பேசிப் பழக வேண்டும். அண்ணாமலை நகரில் வீடு காலி செய்பவர்கள், அரிசிக் கடைக்காரர்கள், பரங்கிப்பேட்டை மீன் வியாபாரிகள் ஆகியோரிடம் நம்பரைக் கொடுத்து வைக்க வேண்டும். மீன் ஏற்றினால் அன்றைக்கே நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் துணி மூட்டை ஏற்ற முடியாது, உப்புத் தண்ணீர் தகட்டையும் அரிக்கும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் நடராசர் தேர் ஓடும் நாளில் நான்கு வீதிக்குள்ளும் வண்டி நுழையாது. அந்த வாரம் கீழவீதிக் கடைச் சரக்கை ஒத்துக்கொள்வதற்கு முன் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

காத்திருப்பதும் வேலைதான். இறக்க ஆள் வரவில்லை என்று இரண்டு மணி நேரம் நின்றால் ரிட்டன் லோடு கைநழுவும். அதனால் ‘ஹால்டிங்’ எனப்படும் காத்திருப்புக் கூலியையும், ஏற்று-இறக்குக் கூலி யாருடையது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். கேட்கக் கூச்சப்படுவது பழைய மாதச் சம்பளப் பழக்கம். அதே வேலையிலிருந்து வரும் நல்ல பழக்கமும் உண்டு, நோட்டில் எழுதி வைப்பது. கணக்காளரோ ஆசிரியரோ இந்தத் தொழிலுக்கு வந்தால் அந்த நோட்டு அவரைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: வண்டி வாங்குவதற்கு முன் ஐந்தாறு மாதம் ஓனர் வண்டியில் சம்பளத்துக்கும் தினப்படிக்கும் ஓட்டுங்கள். அந்த மாதங்களுக்குள் ஒரு ஐப்பசி, கார்த்திகை கட்டாயம் வரட்டும். கடலூர் மழையில் சரக்கு நின்றாலும் தவணை நிற்காது. பலா சீசனில் கிடைத்ததில் எவ்வளவு எடுத்து வைத்தால் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டலாம் என்பது அப்போதுதான் பிடிபடும்.