கீ போர்டில் மூன்று நிறம்

நம்மவர்கள் பம்பாய்க்கு வந்த காலத்தில் டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும்தான் பலருக்கும் கைமுதல். மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு, கோட்டைப் பகுதியில் உத்தியோகம். கோத்ரெஜ் கம்பெனி 1955-ல் டைப்ரைட்டர் கொண்டு வந்தது. எந்த மிஷினானாலும் ஓங்கிக் குத்தினால்தான் எழுத்து விழும். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கம்ப்யூட்டரோடு வரும் சாதாரண ரப்பர் கீ போர்டு களிமண்ணைத் தொடுவது போலிருக்கும். எனக்கும் அப்படித்தான்.

அதற்கு மாற்று மெக்கானிக்கல் கீ போர்டு. நம் சென்னை டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் 'கோல்டு' கீ போர்டைப் பல கவுன்ட்டர்களில் பார்த்திருப்பீர்கள்; 'டிக் டிக்' என்று கேட்குமே, அதுதான். ஒவ்வொரு கீயின் அடியிலும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி வைத்த நிறக் கணக்கையே இன்று சீனக் கம்பெனிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

சிவப்பு என்றால் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பழுப்பில் பாதி வழியில் சிறு மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும், 55 கிராம். நீலம் 60 கிராம். அதில் மேடும் உண்டு, ஓசையும் உண்டு. உள்ளேயிருக்கும் தண்டு இரண்டு துண்டாக இருப்பதால், மேட்டைத் தாண்டியதும் ஒரு துண்டு சட்டென்று கீழே குதிக்கிறது. 'கிளிக்' சத்தம் அதுதான்.

கவனிக்க வேண்டிய விஷயம், கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். மீதியும் இறங்கி அடித்தட்டில் மோதுவது வீண் சிரமம், வீண் சத்தம். டைப்ரைட்டர் கைகள் இதை மறக்க வாரக் கணக்காகும்.

தாராவியில் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் நண்பர் வீட்டில் பேத்தி ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் எழுத்தர் தேர்வுக்குத் தயாராகிறாள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொற்கள் அடிக்க வேண்டும். பயிற்சிக்குக் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல்தான். அப்பாவுக்கோ காலை நாலரைக்கு எழுந்து ஷிப்டுக்குப் போக வேண்டும். அவளுடையது நீலம்! யாரோ சொன்னார்கள் என்று கீகளுக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டினார்கள். அடித்தட்டில் மோதும் சத்தம் குறைந்ததே தவிர, கிளிக் போகவில்லை. எப்படிப் போகும்? அது ஸ்விட்சின் வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது! ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய கீ போர்டாக இருந்தது நல்லதாயிற்று. பழுப்பு வாங்கிப் போட்டு, கீழே மடித்த துண்டு ஒன்றையும் விரித்தோம். அப்பா தூங்குகிறார், அவளும் அடிக்கிறாள்.

இரைச்சலான ஆபீஸில் தனி கேபின் உள்ளவர் நீலம் வாங்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? செம்பூர் பிளாட்டில் மெல்லிய சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கினால் பழுப்போ சிவப்போ. என் ஓட்டு பழுப்புக்கு. சிவப்பில் விரல் லேசாகப் பட்டாலே எழுத்து விழுந்துவிடுகிறது.

லேமிங்டன் ரோடில் வாங்குவதானால் ஒரு கீயைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். முழுப் பத்தி ஒன்று அடித்துப் பாருங்கள். ஸ்பேஸ் பாரையும் என்டர் கீயையும் ஓரத்தில் அழுத்துங்கள். அவற்றின் அடியிலுள்ள கம்பி தளர்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். கம்பி முனையில் துளி கிரீஸ் வைத்தால் அந்த ஓசை அடங்கும்.