துப்பாக்கிக்குப் பூச்சு அடிக்கக் கொடுக்கும் முன்

ஏர்கன்னின் பாலிமர் கட்டைக்கும் பிடிக்கும் செராமிக் பூச்சு அடித்துக்கொள்ளும் ஆசை இளைஞர்களிடம் பரவுகிறது. கார்களுக்குத் துணியால் தேய்த்துவிடும் செராமிக் வேறு, இது வேறு. மேற்பரப்பை மணல் வீச்சால் சொரசொரப்பாக்கி, மெல்லிய படலமாகத் தெளித்து, அடுப்பில் வைத்து இறுகச் செய்ய வேண்டும். உலோகத்துக்குச் சுமார் 120 டிகிரி வைப்பார்கள். அந்தச் சூட்டில் பாலிமர் வளைந்துவிடக்கூடும் என்பதால் 65 டிகிரி அளவிலேயே நிறுத்துகிறார்கள். தெளிக்கும்போது எழும் புகையும், வீச்சில் கிளம்பும் தூளும் நுரையீரலுக்குக் கேடு.

உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் கவலை இன்னும் பெரிது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் பெயரையும் எண்ணையும் அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. மணல் வீச்சில் எண் தேய்ந்துபோனால், கையில் வைத்திருப்பவரே அழித்தார் என்றுதான் சட்டம் முதலில் கருதும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் பட்டறைக்காரரும் சிக்குவார். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமமின்றிப் பழுது பார்த்தால் குறைந்தது 7 ஆண்டு. ஆகவே உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடம் மட்டும் கொடுங்கள். எண்ணைப் படம் எடுத்து வைத்து, ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்காரர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் என் வருத்தம். இங்குள்ள காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கவும் அவருடைய இசைவு தேவை.

20 ஜூலுக்குள் ஆற்றல் கொண்ட சாதாரண ஏர்கன்னுக்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஆயுதமே. அனுமதி எழுத்தில் இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோவதே குற்றம். குறி பார்த்துப் பழகத்தான் எடுத்துப்போனேன் என்ற சமாதானம் எடுபடாது. அட்டவணை ஒன்றில் உள்ள சாம்பல் நிற அணிலை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

தோப்பை உழும் காட்டுப்பன்றியை நினைத்துத் துப்பாக்கி கேட்கும் விவசாயியின் துயரம் பொய்யில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக்கூடாது. சேதத்தைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; பொதுநலன் கருதி அதிகாரி அதைத் தராமல் இருக்கலாம் என்றாலும், மேல்முறையீட்டுக்கு அது தடையில்லை. வீட்டில் உரிமம் காலாவதியான துப்பாக்கி கிடந்தால் பூச்சு, பழுது என்று யோசிக்காமல், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.