மூணு செகண்டில் கைக்கு வருமா உங்க கத்தி?

'கத்தி'ன்னு பார்த்ததும் ஏதோ காலேஜ் வாசல் அடிதடி மேட்டர்னு நினைச்சு பக்கத்தைப் புரட்டிடாதீங்க மக்களே! இது மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துட்டுப் போற கத்தி. அதுவும் துடுப்பு போடுற கயாக்கில், நம்ம தூத்துக்குடி கடலில். 'அதுக்கு ஒரு கத்தி போதாதா, இதுல செலக்ஷன் வேறயா?'ன்னு கேக்குறீங்களா? போன செமஸ்டர் லீவு வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டுட்டு இருந்தேன்.

என் ரூம்மேட்டுக்கு ஊர் தூத்துக்குடி, வீடு திரேஸ்புரத்தில். தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட ரெண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் இருக்கு, எடுத்துக்கலாம்னு அவன் சொன்னதுதான் தாமதம்... அன்னிக்கு ராத்திரியே ஆன்லைனில் உட்கார்ந்து ஒரு கத்தி ஆர்டர் பண்ணிட்டேன். கன்னங்கரேல்னு மடக்குக் கத்தி. பிடியில் மண்டை ஓடு படம், பின்னாடி ஸ்க்ரூ டிரைவர், பாட்டில் ஓப்பனர், ஒரு விசில் வேற. விலை 1,800 ரூபாய். ஹாஸ்டலில் அதை வெச்சு நான் விட்ட பந்தா இருக்கே, அது தனிக் கட்டுரை!

முதல் நாள் ஜாலியாத்தான் போச்சு. அந்தக் கத்தியாலேயே இறாலை இரைக்கு நறுக்கினேன். நறுக்கி முடிச்சு, ஈரத்தோடயே மடக்கி, பையில் போட்டு ஜிப்பை மூடினேன். வில்லங்கம் அங்கதான் ஆரம்பம்.

மறுநாள் காலை. ரூம்மேட்டோட சித்தப்பா, முப்பது வருஷத்துக்கு மேல கடல் தொழில், பக்கத்திலேயே தன் வள்ளத்தில் நின்னுட்டு இருந்தார். நான் ஹீரோ மாதிரி நங்கூரத்தை எடுத்து எனக்குக் கைக்கெட்டிய இடத்தில், அதாவது கயாக்கின் பக்கவாட்டில், கட்டி இறக்கிட்டேன். நீவாடு இழுத்தது. (நீரோட்டத்துக்கு அங்க அதுதான் பேர்.) கயிறு விறைச்சுது, கயாக் அந்தப் பக்கமா சாய்ஞ்சுது, அடுத்த நொடி ரெண்டு பேரும் தண்ணியில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தோம். ஆனா மிச்சக் கயிறு என் கெண்டைக்காலில் ரெண்டு சுத்து சுத்தியிருந்தது. நங்கூரம் கீழே பிடிக்க, கயாக் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் நான். அலை வரும்போதெல்லாம் ஒரு வாய் உப்புத் தண்ணி.

பையைத் தேடி, ஜிப்பைத் தேடி, கத்தியை எடுத்தாச்சு. திறக்கணுமே! நகத்தை வெச்சு இழுக்குற சின்னப் பள்ளம், ஊறிப்போன விரல், உள்ளே ராத்திரி பூரா உப்பு பிடிச்ச கீல். பாதி திறந்து நின்னுடுச்சு. சித்தப்பா வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, குனிஞ்சு, இடுப்பில் இருந்து ஒரு கத்தியை எடுத்து ஒரே இழுப்பு. கயிறு ரெண்டு துண்டு.

என்னைத் தூக்கிப் போட்டுட்டு, என் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏல, இது கத்தியா, சாவிக்கொத்தா?"

அன்னிக்கு சாயங்காலம் கரையில் உட்கார்ந்து அவர் நடத்திய கிளாஸ்தான் இனி வர்றது. நடுநடுவே என் மெட்டலர்ஜி பேப்பர் அறிவையும் கலந்திருக்கேன், மன்னிச்சுக்கோங்க!

முதல் கேள்வியே மடக்கிப் போட்டுடுச்சு. "கத்தி எதுக்குல?" நான் கெத்தா, "மீன் வெட்ட" என்றேன். சிரிச்சார். "மீனை வெட்ட வீட்ல அருவாமனை கெடக்கு. கடல்ல கத்தி கயித்த அறுக்க."

யோசிச்சுப் பாருங்க, கடலில் உங்களைப் பிடிச்சு வைக்கப் போறது மீன் இல்லை. நங்கூரக் கயிறு, தங்கூசி, எவரோ விட்டுட்டுப் போன கிழிஞ்ச வலை, இதெல்லாம்தான். தூண்டிலில் திருக்கையோ கெளுத்தியோ மாட்டினா அதை மடியில் தூக்கிப் போட்டு முள்ளைக் கழட்டுறது வீரம் இல்லை, விஷ முள்ளு குத்தும். தங்கூசியை வாய்க்குப் பக்கமா அறுத்து விடுறதுதான் வேலை. கயாக்கில் உட்கார்ந்தபடி பாறையையும் விளமீனையும் துண்டு போடப் போறோமா என்ன? அதுக்குக் கரை இருக்கு.

இந்த ஊர்க் கடலுக்குக் கயிறு புதுசு இல்லை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரை, ஒரு கல்லோடும் கயிறோடும்தான் ஆட்கள் இறங்கினாங்க. ஒரு மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிஷம், அதுக்குள் சிப்பியை அள்ளிட்டுக் கயிறை ஆட்டினா மேலே இருக்கிறவர் இழுத்துடணும். "அந்தக் கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாவ. தங்கச்சி தாலியாச்சே, விட்ருவானா?" என்றார் சித்தப்பா. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறா வராமல் மந்திரம் போடுறவங்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலின்னு எழுதி வெச்சிருக்கார். கீழே போறவனுக்காக மேலே ஒருத்தர் கயிறு பிடிக்க, இன்னொருத்தர் மந்திரம் சொல்ல... கயாக்கில் நமக்கு யார் இருக்கா? சித்தப்பா அன்னிக்குப் பக்கத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம். மத்த நாளுக்கு நெஞ்சில் தொங்குற கத்திதான் மச்சான்!

அவர் வைக்கிற டெஸ்ட் ரொம்ப சிம்பிள். "ஒரு மூச்சுக்குள்ள கைக்கு வரணும், ஒரு இழுப்புல அறுக்கணும்." முத்துக்குளிக்கிறவர் மூச்சு வேற, தண்ணி குடிச்சு மிரண்டு நிக்கிற நம்ம மூச்சு வேற. என் கணக்கில் அது மூணு செகண்ட்.

அப்போ மடக்குக் கத்தி அவுட். ரெண்டு கை வேணும், உள்ளே மணலும் உப்பும் போய் உட்காரும். மடங்காத கத்திதான், அலகு மூணு, நாலு அங்குலம் போதும். 'ரேம்போ' சைஸ் கத்தி வாங்கினா முதலில் வெட்டுப்படுறது உங்க தொடை.

அடுத்து ஸ்டீல். இங்கதான் நான் காலரைத் தூக்கி விட்டேன். "ஸ்டெயின்லெஸ்னு போட்டிருந்துச்சே சித்தப்பா, எப்படித் துருப்பிடிச்சது?" கேட்டது அவர்கிட்ட, பதில் கிடைச்சது என் நோட்ஸில். ஸ்டெயின்லெஸ்னு பேர் வாங்க இரும்பில் குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் வேணும். அது காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமா படிஞ்சு காவல் காக்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பில் இருக்கிற குளோரைடு படலத்தில் அங்கங்கே ஓட்டை போடும். உப்பளத்துக்குப் பேர் போன ஊரில் போய் ஈரத்தோட மடக்கி வெச்சா கேட்கவா வேணும்?

இன்னொரு சிக்கல், கூர்மைக்குக் கார்பன் வேணும். ஆனா கார்பன் கூடக் கூட அது குரோமியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும், காவலுக்கு ஆள் குறையும். அதனால்தான் சாப்பாட்டு ஸ்பூனுக்குப் போடுற 304 துருப்பிடிக்காது, ஆனா சூடுபண்ணி முக்கினாலும் முனை ஏறாது. 440சி ரகத்தில் கார்பன் சுமார் ஒரு சதவீதம். முனை நல்லா நிக்கும், ஆனா கடலில் கழுவித் துடைச்சே ஆகணும். விலை மலிவான 420 ரகம் துருவை ஓரளவு தாங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். ஜப்பானில் எச்-1னு ஒண்ணு இருக்கு, கார்பனை வெகுவாகக் குறைச்சு நைட்ரஜனைச் சேர்த்தது. கடலில் கிடந்தாலும் துரு ஏறுறது அபூர்வம். விலையைப் பார்த்தா நமக்குத்தான் மூச்சு நிக்கும்.

சித்தப்பா கத்தி என்ன ஸ்டீல்? லாரி பட்டை! பழைய லாரியோட ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொல்லர் பட்டறையில் அடிச்சது. அதில் குரோமியக் காவல் எல்லாம் கிடையாது, நிச்சயமா துருப்பிடிக்கும். ஆனா அவர் தினமும் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில் கழுவி, துணியால் துடைச்சு, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வெக்கிறார். பிடியில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுத்தியிருக்கார், ஈரக்கையிலும் வழுக்காது. பத்து வருஷக் கத்தியாம். என் ஸ்டெயின்லெஸ் ஒரு ராத்திரி தாங்கலை.

அலகு வடிவத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் லேசா முட்டிக்கிச்சு. பாதி அலகுக்கு ரம்பப் பல் இருந்தா நல்லதுன்னு நான் சொன்னேன். கயிறு என்பது இழைகள், வழவழப்பான கூர் நைலான் மேல் சறுக்கும், பல் இருந்தா கடிச்சு இழுக்கும். கதிர் அறுக்குற கருக்கரிவாளில் பல் இருக்கிறதும் இதுக்குத்தானே? "மழுங்குனா எப்படில தீட்டுவ?" என்றார். நியாயம்தான். பல்லை ஒவ்வொண்ணா மெல்லிய அரத்தால் ராவணும், சாதாக் கூர்னா வாசல் கல்லிலேயே தீட்டிடலாம். தினமும் தீட்டுற பொறுமை அவருக்கு இருக்கு. எனக்கு இல்லைன்னு எனக்கே தெரியும், அதனால் என் ஓட்டு பாதிப் பல்லுக்கு.

முனை மழுங்கலா இருக்கணும்ங்கிறதில் ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஆட்டம் போடுற கடலில் கூர் முனை எங்க போய்க் குத்தும்னு யாருக்குத் தெரியும்? காற்றடிச்ச கயாக்கா இருந்தா கதை முடிஞ்சுது. 

மழுங்கல் முனைக்கு இன்னொரு காரணமும் சொன்னார். ஒருமுறை அவர் வலையில் ஆமை சிக்கிக் கழுத்தைச் சுத்தி வலை இறுகிக் கிடந்ததாம். கூர் முனையா இருந்தா தோலைக் கிழிச்சிருக்கும். முனையை மெதுவா வலைக்கடியில் விட்டு வெளிப்பக்கமா இழுத்து அறுத்து விட்டிருக்கார். கடல் ஆமையும் ஆவுளியாவும் (கடல் பசுதான்) 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. வலையை வெட்டி ஆவுளியாவை விடுவிச்ச மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுத்ததும் உண்டு. "வலை போச்சே சித்தப்பா?" என்றேன். "ரெண்டு நாள் உக்காந்து தைச்சேன். வேற என்ன செய்ய?"

சரி, எங்க மாட்டுறது? பையில் கூடாது, நான் பட்டது போதும். தொடையில் கட்டினா தண்ணிக்குள் குனியணும். லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதி, நடுவில், வலது கை சிக்கினா இடது கை எட்டுற மாதிரி. கத்தியை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டலாமா? விழுந்தாலும் தொலையாதுன்னு சிலர் கட்டுவாங்க. "கட்டுன கத்தி தண்ணில ஒன்னையே சுத்தும்ல" என்பது சித்தப்பா. நான் அவர் பக்கம்.

உறை செய்யுறது செம ஈஸி பாஸ். முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பு ஒரு துண்டு, அடுப்பு அனலில் தள்ளிக் காட்டி (ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, கருக விடாம) இளகினதும் ரெண்டு பலகைக்கு நடுவில் வெச்சு அழுத்தணும். தட்டையாகும். கத்தியை உள்ளே விட்டு, கவ்விப் பிடிக்கிற அளவு மறுபடி சூடு காட்டணும். தலைகீழா உலுக்கினா விழக் கூடாது, ஒரு கையால் இழுத்தா வந்துடணும். அடியில் தண்ணி வடிய ஒரு ஓட்டை, மறக்காதீங்க. பிடியில் ஆரஞ்சு கலர் நூல் சுத்துங்க, கலங்கின தண்ணியிலும் கண்ணில் படும்.

ஊருக்கு எடுத்துட்டு வரும்போது? உறையில் போட்டு, துணியில் சுத்தி, பெட்டிக்கு அடியில். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தா ஆயுதக் கணக்கில் வரும், வீடு, விவசாயம், தொழில் உபயோகத்துக்குச் செஞ்சது தவிர. நம்ம நாலு அங்குலம் அந்த அளவுக்குக் கிட்டக்கூட வராது. அதுக்காகப் பஸ் ஸ்டாண்டில் எடுத்து ஆப்பிள் நறுக்காதீங்க ப்ளீஸ்!

ரெண்டு விஷயம் கத்தியைவிட முக்கியம்னு அவர் சொன்னதால் சேர்த்துடுறேன். நங்கூரம் எப்பவும் முன்முனையிலோ பின்முனையிலோதான், பக்கவாட்டில் கிடையாது. கச்சான் காத்து பலமா வீசுற மாசங்களில் கயாக்கை இறக்கவே கூடாது. அது மேற்கிலிருந்து வர்ற காத்து, நம்ம கரை கிழக்குப் பார்த்தது. தள்ளிட்டுப் போனா நடுக்கடல்தான். அப்புறம், கண்ணுக்குத் தெரியுதேன்னு வான் தீவு, காசுவார் தீவுப் பக்கம் கயாக்கைத் திருப்பாதீங்க. அவை மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை, அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சித்தப்பாவே கூட்டிட்டுப் போய் ஒரு பட்டறையில் கத்தி அடிச்சுக் கொடுத்தார். லாரி பட்டை, நாலு அங்குலம், மழுங்கல் முனை. என் பிடிவாதத்துக்காகக் கொல்லர் பின்பாதியில் பல்லும் ராவிக் கொடுத்தார். இப்போ ஹாஸ்டல் மொட்டை மாடியில் லைஃப் ஜாக்கெட்டோட உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு கையால் பிராக்டிஸ். ரூம்மேட் பழைய நைலான் கயிறை விறைப்பா இழுத்துத் தூண் ரெண்டில் கட்டி வெச்சுட்டு, எட்ட நின்னு செல்போனில் டைம் பார்க்குறான். தொளதொளன்னு இருந்தா கயிறு கத்தியோடயே ஓடும், விறைப்பா இருந்தாத்தான் அறும். முதல் தடவை 11 செகண்ட். போன வாரம் நாலு. இடது கையால் இன்னும் ஏழு.

அந்த 1,800 ரூபாய் கத்தி என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? ரூம் மேஜையில்தான் கிடக்கு. அலகு இன்னமும் பாதிதான் திறக்குது. ஆனா பாட்டில் ஓப்பனர் சூப்பரா வேலை செய்யுது!