உங்களுக்குத் தெரியுமா? கேட்காமல் வந்த பாட்டு

● காலர் டியூன் வைத்திருப்பவருக்கு அது கேட்காது; கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். சேலையூரில் எங்கள் பெரியம்மா எந்தப் பட்டனை அழுத்தினாரோ, 'முதல் மாதம் இலவசம்' என்று ஒரு குத்துப்பாட்டு அவர் போனில் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா தவறியபோது துக்கம் விசாரிக்கக் கூப்பிட்ட சொந்தபந்தம் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் தெரியாது. இரண்டாம் மாதத்திலிருந்து பேலன்ஸில் பணம் கழிந்ததும் தெரியாது!

● இதற்குத்தான் 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கடிவாளம் போட்டது. வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்னால்தான் இப்படிப்பட்ட கட்டணச் சேவையைத் தொடங்கலாம். நிறுத்துவதற்கான இலவச எண் 155223. விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டாமென்றால் 1909.

● 2014 செப்டம்பர் 9 அன்று 'யு2' இசைக்குழுவின் புது ஆல்பத்தை ஆப்பிள் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் இலவசமாகச் சேர்த்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. நன்றி வரும் என்று பார்த்தால் வந்தது திட்டு. ஒரே வாரத்தில், அதை நீக்குவதற்கென்றே தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று.

● ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் 2015 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது, முதலில் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சில தளங்கள் மட்டும் இலவசம். பந்தியில் இலையைப் போட்டுவிட்டு, எந்தப் பதார்த்தம் என்பதை அவர்களே முடிவு செய்வது போல! 2016 பிப்ரவரி 8 அன்று இத்தகைய பாரபட்சக் கட்டணத்துக்கு டிராய் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம்.

● 2025ல் ஏஐ சேவைகளும் இலவசமாக வந்தன: ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஓராண்டு, ஜியோவில் தகுதியான பிளான் வைத்திருந்தவர்களுக்கு ஜெமினி ப்ரோ 18 மாதம். இவற்றை நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால் தேவலை. ஆனால் எந்த இலவசத்துக்காவது ஆட்டோபே (தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி) கேட்டால், இலவசம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

● சுலபமாகச் சேரவிட்டு, வெளியேறும் வழியை ஒளித்துவைப்பது 'சந்தா பொறி'. மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்த 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. புகாருக்கு 1915.

● தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்குள், எதற்கெல்லாம் பணம் கழிகிறது என்று யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அப்படியே வீட்டுப் பெரியவர்கள் போனுக்கும் ஒருதரம் கூப்பிட்டு, என்ன பாட்டு வருகிறது என்று கேளுங்கள்.