லேப்டாப்பை மூடியாச்சு, மூளை மட்டும் ஏன் ஆபிஸ்லயே இருக்கு?

இரவு 9.40. தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொடும் நேரத்தில் போன் அதிர்கிறது. மேனேஜர். 'ஃப்ரீயா? ஒரு சின்ன விஷயம்' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த மெசேஜ் வர நாலு நிமிஷம் ஆகிறது. அந்த நாலு நிமிஷத்தில் போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட், அப்ரைசல், இஎம்ஐ என்று மனசு ஒரு ரவுண்டு போய் வந்துவிடுகிறது. கடைசியில் அவர் கேட்டது, ஒரு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைத்தான். பதில் சொல்லியாயிற்று. ஆனாலும் 12.30 வரை தூக்கம் வரவில்லை.

ஐடி, வங்கி, பிபிஓ, ஸ்டார்ட்-அப் என்று எங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்டாலும் இப்படி ஓர் இரவு இருக்கும். விஷயம் சின்னதுதானே, உடம்பு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறது? 'எனக்குத்தான் மனசு வீக்கா?' என்று பலரும் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். இல்லை.

அலாரம் அடிப்பது தப்பில்லை

ராத்திரி பைக்கில் வரும்போது தெருநாய் துரத்தினால் என்ன ஆகும்? யோசிப்பதற்கு முன்பே கால் தூக்கிக்கொள்ளும், கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. கொஞ்சம் தாமதமாக கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி எரிபொருள் சப்ளையைப் பார்த்துக்கொள்கிறது. செரிமானம் போன்ற 'அப்புறம் பாத்துக்கலாம்' வேலைகள் தள்ளிப்போடப்படுகின்றன. அடுத்த தெரு வந்ததும் நாய் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதுதான் ஸ்ட்ரெஸ். இது ஒரு நோயே இல்லை. இன்டர்வியூவுக்கு முன்னால் வரும் படபடப்பும் இதே அமைப்பின் வேலைதான். அது கொஞ்சம் இருந்தால்தான் நாம் தயாராகவே செய்வோம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மேனேஜர் நாய் மாதிரி அடுத்த தெருவில் நின்றுவிடுவதில்லை. (தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேனேஜருக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார்.) அலாரம் அடிக்கிறது, ஆனால் 'முடிஞ்சது, இனி ரிலாக்ஸ்' என்ற சிக்னல் வருவதே இல்லை. கார்டிசோலுக்கு என்று ஒரு நாள் கணக்கு உண்டு. காலையில் எழுந்த அரைமணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வர வேண்டும். இரவு பத்து மணிக்கும் மூளை 'அடுத்து என்ன வருமோ' என்று காத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு குழம்புகிறது. தூக்கம், வயிறு, பிளட் பிரஷர், எரிச்சல் என்று ஒவ்வொன்றாக ஆட்டம் காண்பது இதனால்தான்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த அவர் 1936ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், மருந்தைச் செலுத்தினாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே பாதிப்புதான் தெரிந்தது. அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, வயிற்றில் புண் இருந்தது. எது துரத்துகிறது என்பது உடம்புக்கு முக்கியமில்லை. எவ்வளவு நேரம் துரத்துகிறது என்பதைத்தான் அது எண்ணிக்கொண்டிருக்கிறது.

பாஸுக்குத்தான் ஸ்ட்ரெஸ் ஜாஸ்தியா?

பெரிய பதவி என்றால் பெரிய டென்ஷன், அதனால்தான் மாரடைப்பு என்று சினிமாவில் காலங்காலமாகக் காட்டிவிட்டார்கள். பிரிட்டனில் 1967ல் தொடங்கிய 'ஒயிட்ஹால்' ஆய்வு இதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. லண்டனில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். இதய நோயில் அதிகம் இறந்தது மேலதிகாரிகள் இல்லை. கடைநிலையில் இருந்த ஊழியர்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசத்தை முழுசாக விளக்க முடியவில்லை. பெண்களையும் சேர்த்து 1985ல் தொடங்கிய இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வில் ஒரு துப்பு கிடைத்தது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம்.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979லேயே இதை ஒரு மாதிரியாக வரைந்துகாட்டியிருந்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளை உடைப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

சர்ஜன் ஒருவர் ஆறு மணி நேரம் ஆபரேஷன் செய்கிறார், கடுமையான வேலைதான். ஆனால் அடுத்த வெட்டு எங்கே என்பதை அவர் தீர்மானிக்கிறார். கால் சென்டரில் இருப்பவருக்கு ஒரு கஸ்டமரிடம் எத்தனை நிமிஷம் பேசலாம் என்பதுகூடத் திரையில் ஓடுகிறது. பாத்ரூம் போனாலும் கணக்கு. உணவு டெலிவரி செய்பவருக்கு எந்த ஆர்டர், எந்த வழி, எத்தனை நிமிஷம் எல்லாவற்றையும் ஆப் சொல்கிறது. லிஃப்ட் வேலை செய்யாத அபார்ட்மென்ட் மட்டும் அவர் பாடு.

நம்ம ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2021ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதுதான் அது. கேரளா இதை 2018லேயே செய்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்கா சட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. தி.நகர் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்று வாழ்ந்தவர்களுக்கு அது சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது. கால் வலி ஒரு பக்கம். எப்போது உட்காரலாம் என்பதுகூட நம் கையில் இல்லை என்ற நிலைமை இன்னொரு பக்கம். கராசெக் சொன்னது அந்த இரண்டாவதைத்தான்.

70 மணி நேரம், 90 மணி நேரம்

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசிய வீடியோ வைரலானது. மீம்ஸ் பார்த்துச் சிரித்துவிட்டோம், சரி. கணக்கு என்ன சொல்கிறது? 70 மணி நேரம் என்றால், ஞாயிறு லீவு போக, ஒரு நாளைக்கு 11 மணி 40 நிமிஷம். இதில் ஓஎம்ஆர் டிராஃபிக் சேரவில்லை.

உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம். நீண்ட நேர வேலையால் 2016ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 7.45 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அதே மதிப்பீடு. 70ஐ யார் சொன்னாலும் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா ஞாபகம் இருக்கலாம். தொழிற்சாலைகளுக்கானது அது. எதிர்ப்பு கிளம்பியதும், திரும்பப் பெறுவதாக முதல்வர் மே தினத்தன்று அறிவித்தார். ஐடி ஊழியர்களுக்கு அப்படி ஒரு சத்தமான விவாதம் இன்னும் நடக்கவே இல்லை. பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கே சுப்ரியா சுலே எம்.பி. 2018 இறுதியில் மக்களவையில் இதே நோக்கத்தோடு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை.

ஆபிஸ் யோகா கிளாஸ் உதவுமா?

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளைப் பார்த்து 2024ல் வெளியிட்ட முடிவு ஹெச்ஆர் துறைகளுக்குப் பிடிக்காது. தியான ஆப், ஸ்ட்ரெஸ் மேலாண்மை வகுப்பு, ரிலாக்ஸேஷன் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு.

யோகா வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை பாய் விரித்து 'மூச்சை உள்ளே இழுங்கள்' என்று சொன்னால் எடுபடாது, அவ்வளவுதான். அந்த கிளாஸுக்காக விட்டுப்போன வேலையை ராத்திரி உட்கார்ந்து முடிப்பது யார்?

சரி, இன்னிக்கு ராத்திரி என்ன பண்றது?

முழு அமைப்பும் மாறும்வரை காத்திருக்க முடியாது. 'ஆஃப்' சிக்னலை உடம்புக்கு நாமே கொடுக்கச் சில வழிகள் இருக்கின்றன.

தலையில் ஓடும் பாதி முடிந்த வேலைகளைப் பேப்பருக்கு மாற்றுவது அதில் எளிது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம், ஒரு பாதிப் பேர் அடுத்து செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மறு பாதி, ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் செலவு ஒரு பேனா. 'ரிப்போர்ட்' என்று மொட்டையாக எழுதாமல், 'காலை 10 மணிக்கு ரிப்போர்ட்டில் மூணாவது டேபிளைச் சரிபார்க்கணும்' என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், போனைத் திறந்தால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். கிளையன்ட் நியூயார்க்கில் இருக்கிறார், நமக்கு இரவு எட்டு என்றால் அவருக்கு அப்போதுதான் காலை பிறக்கிறது. அதனால் டீமுக்குள் ஒரு விஷயத்தை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்: நிஜமாகவே அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், மெசேஜ் என்றால் காலையில் பார்க்கிறேன். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் ஒவ்வொரு 'டிங்'குக்கும் மூளை எழுந்து ஓட வேண்டியதில்லை. பல மேனேஜர்களுக்கு இதில் ஆட்சேபம் இருக்காது. அவர்கள் ராத்திரி மெசேஜ் போடுவதே மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

'வேலை ஜாஸ்தியா இருக்கு சார்' என்று சொன்னால் 'எல்லாருக்கும்தான்பா' என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, 'இந்த வாரம் கையில் நாலு வேலை இருக்கு, ரெண்டுதான் முடியும், எதை முதல்ல முடிக்கட்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். புலம்பலாக இருந்தது, அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயமாக மாறிவிடுகிறது. எல்லா இடத்திலும் எடுபடும் என்று சொல்ல மாட்டேன். நாலையும் முடி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

மாலை ஆறு மணி ஃபில்டர் காபி ஒரு முக்கியமான சந்தேக நபர். உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். படபடப்பு கூடும்போது, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக, நிதானமாக விட்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

ஸ்ட்ரெஸ்ஸா, டிப்ரஷனா?

தமிழில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. செய்திகளில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்', டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதுகிறோம். இந்த ஒரே சொல்லால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு வாரம் டெட்லைன் நெருக்கியதும் தனக்கு நோய் வந்துவிட்டதாகச் சிலர் பயப்படுகிறார்கள். நிஜமாகவே டிப்ரஷனில் இருப்பவரிடம் 'எல்லாருக்கும் இருக்கிற ஸ்ட்ரெஸ்தான், ரெண்டு நாள் லீவு போடு' என்கிறார்கள். டிப்ரஷனுக்கு 'மனச்சோர்வு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பிரித்துப் பயன்படுத்துவது நல்லது.

லீவு விட்டால், வேலை முடிந்தால், ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டால் லேசாகிறது என்றால் பெரும்பாலும் அது ஸ்ட்ரெஸ். ஊருக்குப் போயும், பிடித்த பாட்டு கேட்டும், நண்பர்கள் வந்தும் எதிலும் ஒட்டாமல், பெரும்பாலான நாள்கள் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

'பர்ன்அவுட்' இன்னொன்று. உலக சுகாதார அமைப்பு 2019ல் அதை நோய் என்று சொல்லாமல், சமாளிக்கப்படாத வேலை ஸ்ட்ரெஸ்ஸால் வரும் பணியிடப் பிரச்சினை என்று வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலைமீது ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, செய்யும் திறன் குறைந்துபோவது ஆகியவை அதன் அடையாளங்கள். பணியிடப் பிரச்சினை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊழியரின் பிரச்சினை என்று எழுதவில்லை.

நெஞ்சு வலியையும் தொடர்ந்து வரும் சோர்வையும் 'ஸ்ட்ரெஸ்தான்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் இதே வேஷத்தில் வரும்.

பேச ஆள் வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. உங்கள் பாலிசியில் அது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

'டாக்டரைப் பார்த்தா ஆபிஸுக்குத் தெரிஞ்சிடுமா?' என்பதுதான் பலரைத் தடுத்து நிறுத்தும் கேள்வி. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அதே சட்டம் நோயாளிக்குத் தருகிறது. உங்கள் மேனேஜர் போன் பண்ணிக் கேட்டார் என்பதற்காக டாக்டர் சொல்லிவிட முடியாது. நிறுவனமே பணம் கொடுத்து ஏற்பாடு செய்த கவுன்சிலர் என்றால் மட்டும், முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் பேசுறதுல எது ஆபிஸுக்குப் போகும், எது போகாது?'