நூறு மீட்டர் மழை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த சேரப்பணஞ்சேரியில், ஐப்பசி கார்த்திகை மாதத்து அடைமழையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் தொழிலாளர்கள், கையில் குடையில்லாத சமயத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வது சகஜம். சாப்பாட்டுப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சிலர் ஓட்டம் பிடிப்பார்கள். ஓடினால் எதிரே வருகிற துளிகளை நாமே போய் வாங்கிக்கொள்கிறோம், எப்படியும் நனைவதுதானே என்று வேறு சிலர் நிதானமாக நடப்பார்கள். இரு கட்சியிலும் நியாயம் உண்டு என்பதும், அந்த நியாயத்தின் அளவைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பதும் ரசமான விஷயங்கள்.

மேலிருந்து விழும் நீரைத் தலையும் தோளும் ஏற்கின்றன. அது எத்தனை விநாடி மழையில் இருந்தோம் என்பதைப் பொறுத்தது. முகம், மார்பு, தொடை ஆகிய முன்பக்கத்தின் கணக்கு வேறு. பஸ் நின்ற இடத்திலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள காற்றில், நம் உடலின் உயரமும் அகலமும் கொண்ட ஒரு சுரங்கத்தைக் குடைந்துகொண்டு போவதாகப் பாவித்தால், மெதுவாகக் குடைந்தாலும் வேகமாகக் குடைந்தாலும் சுரங்கத்தின் கொள்ளளவு ஒன்றேயாகையாலும், காற்றில் துளிகளின் அடர்த்தி மாறுவதில்லையாகையாலும், முன்பக்கத்தில் படும் நீர் வேகத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மணிக்கு 36 மில்லிமீட்டர் பெய்யும் கனமழையை உதாரணமாகக் கொள்வோம். 2015 டிசம்பர் 1 முதல் 2 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அதன் சராசரி மணிக்குச் சுமார் 20 மில்லிமீட்டர்தான். ஆகவே நம் உதாரணம் பலத்த மழையே. பெரிய துளி விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விழுமானால், ஒரு கன மீட்டர் காற்றில் ஒன்றேகால் கிராம் நீர் இருக்கும். உடலின் முன்பரப்பை 0.6 சதுர மீட்டர் என்றும், தலையும் தோளும் சேர்ந்த மேற்பரப்பை 0.1 சதுர மீட்டர் என்றும் கொண்டால், 100 மீட்டர் தூரத்தில் முன்பக்கம் 75 மில்லி நீரை ஏற்கும். விநாடிக்கு 1.4 மீட்டர் நடப்பவரின் தலையில் 71 மில்லியும், 4 மீட்டர் ஓடுபவரின் தலையில் 25 மில்லியும் விழும். முன்னவருக்கு மொத்தம் 146, பின்னவருக்கு 100. ஓடுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் எத்தனை பெரிய ஓட்டக்காரராயினும் அந்த 75 மில்லிக்குக் கீழே போக முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் வானிலை ஆய்வாளர்களான வாலிஸ், பீட்டர்சன் என்னும் இருவர் இதைப் பிரத்தியட்சமாகவே சோதித்து 1997இல் பிரசுரித்தார்கள். ஒரே மாதிரி உடையணிந்து, ஈரம் உள்ளே கசியாதபடி பிளாஸ்டிக் பைகளை அடியில் போட்டுக்கொண்டு, ஒருவர் நடக்க ஒருவர் ஓட, 100 மீட்டரின் முடிவில் உடைகளை நிறுத்துப் பார்த்ததில், ஓடியவரின் உடை 40 சதவிகிதம் குறைவாக நனைந்திருந்தது.

காற்று வீசினால் இந்தக் கணக்கு வெகுவாக மாறுகிறது என்பதை இத்தாலியரான பிராங்கோ போச்சி 2012இல் விரிவாக ஆராய்ந்தார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்துக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதாலும், இந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகச் செல்வதாலும், படப்பைப் பக்கம் போகிறவர் சாரலை முகத்திலும், ஒரகடப் பக்கம் போகிறவர் முதுகிலும் சற்றுச் சாய்வாக ஏற்பது இயல்பு. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று நேர் எதிரே வீசுமானால், நடப்பவருக்கு மொத்தம் 307 மில்லியும், ஓடுபவருக்கு 156 மில்லியும் ஆகும். எதிர்காற்றில் ஓடுவது பாதியைக் காப்பாற்றுகிறது. அதே காற்று முதுகுக்கு நேரே வீசினால், அதன் வேகத்துக்குச் சரியாக ஓடுவதே உத்தமம். அப்போது முன்னும் பின்னும் ஏறக்குறைய நனையாமல், தலையில் விழும் 33 மில்லியோடு ஒருவர் வீடு சேரலாம். அதற்கு மேல் வேகமெடுத்தால் மார்பு நனையத் தொடங்கிவிடும்.

இந்தக் கணக்கில் என் மனத்தை மிகவும் தொட்டது வேகத்தைவிடத் தூரமே. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால்களையும், கர்ப்பிணியையும், முழங்கால் வலிக்கும் பெரியவரையும், சேறு வழுக்கும் சாலையோரத்தில் ஓடச் சொல்வது தர்மமாகாது. ஆனால் தலையில் விழுவதும் மார்பில் படுவதும் இரண்டுமே தூரத்தோடு சரிவிகிதமாகக் குறைகிறவை. காற்றில்லாத மழையில், ஓடி மிச்சப்படுத்தக் கூடியது 46 மில்லி. பஸ் நிற்கும் இடமோ நிழற்குடையோ 50 மீட்டர் அருகே வந்தால், நிதானமாக நடக்கிற மூதாட்டிக்கும் 73 மில்லி மிச்சமாகும்; கம்பெனி பஸ்களின் நிறுத்தங்களை நிச்சயிப்பவர்களும், நிழற்குடைக்கு இடம் பார்க்கும் ஊராட்சிகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.